ஐந்து மில்லிமீட்டர்

ஏன் யூராலஜி என்று கேட்டார் மேட்ரன்.
சோஹாரில், மூன்றாம் மாடியில், பதவி உயர்வு நேர்காணல்.
ஏசிக் குளிரில் என் தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.
ஆர்வம் இருக்கு மேடம் என்றேன்.
அதற்குமேல் என் ஆங்கிலம் நகரவில்லை.

தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை.
வந்திறங்கிய மறுநாள்
ஆண் நர்ஸா, ஆண்கள் வார்டுக்குப் போ என்றார்கள்.
மார்த்தாண்டத்தில் எந்தக் காரணத்துக்காக
வேலை இல்லை என்றார்களோ
அதே காரணத்துக்கு இங்கே வேலை.
நோயாளிகள் என்னையும் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள்.
மீசையோடு திரும்பிப் பார்க்கிறேன்.

ரெஜின் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறான்
என்று அம்மா ஊரில் சொல்லிவைத்திருக்கிறாள்.
பெண் பார்க்கப் போன வீட்டில்
ஒரு மாமா மட்டும் விடவில்லை.
தியேட்டரில் என்ன வேலை?
டியூப் போடுவேன்.
எங்கே?
மிக்சர் தட்டை யாரோ அவர் பக்கம் நகர்த்தினார்கள்.

ஹமூதுக்கு எழுபத்தாறு வயது. பாதினா கடற்கரை மீனவர்.
புராஸ்டேட் சுரண்டி எடுத்த மூன்று நாளும்
அவர் கட்டிலடியில் தொங்கும் பையின் நிறத்தைப்
பார்ப்பதுதான் என் வேலை.
மதியம் பீட்ரூட். ராத்திரி ரோஸ்மில்க்.
அடைத்துக்கொண்டால் சிரிஞ்சால் கட்டியை இழுக்க வேண்டும்,
அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்,
வலை இழுத்த கை, எலும்பு நோகும்.
விடிகையில் இளநீர்.
அந்த நிறத்தைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஐந்து வேளையும் பாங்குக்குப் பத்து நிமிடம் முன்
பையோடு தொழுவதா என்று முகம் வாடும் அவருக்கு.
கூடுமென்று அவர் மகன் சொல்லியும் ஆறவில்லை.
நான் போய்த் திறந்துவிட்டு, குழாய் முனையைத் துடைப்பேன்.
காலி? என்பார்.
காலி என்பேன்.
அரபியிலும் அது காலிதான்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல்.

ஜூன் பிறந்தால் கல் சீசன்.
ஸ்டீல் கம்பெனியிலிருந்து, துறைமுகத்திலிருந்து
விலாவைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.
படுக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது இந்த வலிக்கு.
தண்ணி குடிச்சா என்ன கேடு என்று
முதல் வருஷம் எல்லோரையும் திட்டினேன்.

மொபாரக் இந்தியில் சொன்னான்:
சாரத்தில் ஒன்பதாவது தட்டு, பாய்.
இறங்கப் பதினைந்து நிமிஷம், ஏற இருபது.
கீழே போனால் போர்மேன் வாட்சைப் பார்ப்பான்.
குடித்தால் போகணும்.
அதனால் குடிப்பதில்லை.

திட்டுவதை அன்றோடு விட்டேன்.

மூன்றாம் நாள் அதிகாலை
வடிகட்டி வலையில் டிக்கென்று ஒரு சத்தம்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
உளுந்தளவு, சுற்றிலும் முள்.
இதையா, இதற்கா அப்படி அழுதேன் என்று
விளக்கடியில் பிடித்துப் பார்த்துச் சிரித்தான்.
பிறகு குரலைத் தாழ்த்தி
ஒன்றை எனக்குக் கொடு என்றான்.
நடிக்கிறான் என்று போர்மேன் எழுதியிருக்கிறானாம்,
ஆறு நாள் சம்பளம்.

இரண்டும் லேபுக்குப் போக வேண்டியவை.
கல் ஒன்று, ஐந்து மில்லிமீட்டர், என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
மற்றதைக் கழுவி, மாத்திரை அட்டையின் காலிக் குழியில் வைத்து,
பிளாஸ்டர் ஒட்டி அவன் சட்டைப் பையில் போட்டேன்.
சம்பளம் கிடைத்ததா, தெரியாது.
செக்கப்புக்கு அவன் வரவில்லை.

இதை எந்த மொழியில் மேட்ரனிடம் சொல்வது.

இருபத்தெட்டுக் கட்டில்கள், இரவில் நாங்கள் இரண்டு பேர்.
டியூட்டியில் நானும் குடிப்பதில்லை.

வேறு ஏதாவது கேட்கணுமா என்றார்.
தண்ணீர் கேட்டேன்.
மேசையில் இருந்த பாட்டிலைத் தள்ளினார்,
ஏற்கெனவே அவர் குடித்த பாதி.
வாய் படாமல் அண்ணாந்து குடித்தேன்.
ஃபைலில் அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.