ஒட்டுப் போடுகிறவன்

திங்கட்கிழமை மேயோ ஹாலில் சாட்சி.
அதற்கு முன் ஞாயிறு இருக்கிறது,
அதற்கும் முன் இந்த ராத்திரி.

ஸ்ரீராமபுரத்தில் என் பஞ்சர் கடை ஷட்டரில்
சாக்பீஸால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்,
எப்சிபா காலேஜுக்கு ஏறும் பஸ்ஸின் நம்பரை.
வேறு ஒரு வார்த்தை இல்லை.
ஈரத்துணியால் துடைத்தேன்.
காய்ந்ததும் மறுபடி தெரிந்தது.

ஆண்டவரே,
எனக்கு ஜெபம் கோவையாக வராது.
டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
எங்கே குமிழி வருகிறதென்று பார்க்கத் தெரியும்.
அப்படித்தான் இப்போது
என்னை உம்மிடம் அமுக்கிப் பிடிக்கிறேன்.
எல்லாப் பக்கமும் குமிழி.
சிரிக்காதீர்.
புது டியூப் கேட்கவில்லை,
திங்கள் மத்தியானம் வரை தாங்குகிற மாதிரி
ஓர் ஒட்டு.

திங்கள் காலை
அதே பஸ்ஸில் அவளை ஏற்றினேன்.
ஜன்னல் கம்பியை விட விரல்களுக்கு மனமில்லை.
டிரைவர் ஹாரன் அடித்தார்.
"நீர் ஏறிக்கொள்ளும்" என்றேன்,
அவள் என்னைச் சொன்னதாக நினைத்து
"நீங்க எதுக்குப்பா?" என்றாள்.

கோர்ட் வாசலில் அவன்,
பைக்கில் சாய்ந்து, என்னையே பார்த்தபடி.
முழங்கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.
ஆனாலும் பார்த்தேன்.
முன் சக்கரத்தில் காற்று குறைவு.

சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நின்று
படியேறினேன்.