இருபத்துமூன்று அங்குலம்

மே முதல் அக்டோபர் வரை
நாளொன்றுக்கு ஆறு முறை
இந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன்.
கட்டணம் எட்டு டாலர். கைக்குழந்தைக்கு இல்லை.
சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில் பதினொரு முறை;
அன்றைக்கு என் தொண்டை
மேய்ன் கரையின் மூடுபனிச் சங்கு.

முதலில் கலங்கரை விளக்கம், சன்னல் வழியாக.
படமெடுக்கட்டும் என்று நிறுத்துவேன்.
படத்தில் விழாதது அதன் பின்னால்
பூட்டிக் கிடக்கும் மத்தி மீன் ஆலை,
அங்கே கத்திரிக்கோல் பிடித்துப் பிடித்தே
கட்டைவிரல் வளைந்துபோன
என் அத்தைமார் மூவர்.

பிறகு தரை. "குனிந்து பாருங்கள்" என்பேன்.
குனிவார்கள்.
"இரண்டடி தடித்த வெள்ளைப் பைன் எல்லாம்
கடலுக்கு அப்பாலிருந்த ராஜாவுக்கு.
அவர் கப்பலுக்குப் பாய்மரம் வேண்டும்.
அளக்க வந்தவன் கோடரியால் மூன்று வெட்டு வெட்டுவான்,
கோழி கால் பதித்தாற்போல் ஓர் அம்பு.
அத்தோடு மரம் அவருடையது,
நிழல் மட்டும் நம்முடையது.
அதனால்தான் இந்த வீட்டுப் பலகை எதுவும்
இருபத்துமூன்றைத் தாண்டாது.
சட்டத்துக்கு அவ்வளவு அடக்கம்!"
இங்கே சிரிப்பார்கள்.
ஏணி ஏறிப் பரணில் ஒற்றைப் பலகையைக் காட்டுவேன்.
முப்பத்தோர் அங்குலம்.
"ராஜாவிடமிருந்து திருடினோம்."
இங்கே கைதட்டுவார்கள்.

போன செவ்வாய் மழை.
நீலப்பழப் பொட்டல் எல்லாம் சிவந்து நனைந்து கிடந்தது.
ஒரே ஒருத்தி வந்தாள்.
வண்டி பழுது, பட்டறைக்காரன்
இரண்டு மணி நேரம் கேட்டிருக்கிறானாம்.
வருகைப் பேரேட்டில் லோரீன் சாக்கபேசன் என்று எழுதினாள்;
ஊர், வடக்கே பாசமகுவாடிகளின் குடியிருப்பு.
முதலில் கேட்டது கழிப்பறை.
விளக்கத்தைப் பார்க்கவில்லை.
அம்புக்குச் சிரிக்கவில்லை.
பரணில் ஈர ஷூவைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டுப்
பலகைமேல் ஏறி நின்றாள்.
கால்கூட மாற்றவில்லை.

நான் என் வசனத்துக்கு வந்திருந்தேன்.
ராஜாவிடமிருந்து
என்று தொடங்கியவள்
கூரையில் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இது எங்கே நின்றிருக்கும்?" என்றாள்.
இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லை,
நானும்தான்.
ஆற்றின் மேல்பக்கம் இருக்கலாம் என்றேன்.
"எந்தக் கரை?"
தெரியாது.

ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.
பலகையில் இரண்டு பாத ஈரம்
காய்வதற்குள் கதவடைக்கும் நேரம் ஆயிற்று.

மறுநாள் கப்பல். பதினொரு முறை.
பதினொரு முறையும் பரணில் நின்று
"திருடினோம்" என்றேன். அவ்வளவுதான்.
கைதட்டக் காத்திருந்தவர்கள்
இன்னும் ஏதோ வரும் என்று பார்த்தார்கள்.
ஒருவர் மட்டும் வாய்விட்டுக் கேட்டார்:
நல்ல சிங்கி இறால் இங்கே எங்கே கிடைக்கும்?

துறைமுகத்துக்குப் போங்கள் என்றேன்,
நீல மிதவை தொங்கும் கடை.
வெண்ணெய்க்குத் தனிக் காசு.