வாய்க்காலுக்குள் ஒரு கடை

கூகுள் மேப்பில் எங்கள் கடை
பி.ஏ.பி. வாய்க்காலுக்குள் கிடந்தது.
எவர் குத்திய குண்டூசியோ,
மூலனூர் ரோட்டுக்கு இருநூறடி தள்ளி
'அழகுநாச்சி மோட்டார் ரீவைண்டிங்' என்று
செக்கச் சிவப்பாய் மிதந்துகொண்டிருந்தது,
தண்ணீர் வந்து பதினொரு மாசமான
கடைமடையில்.

எக்ஸெல் வண்டியில் வெந்த மோட்டாரைக் கட்டிக்கொண்டு
கண்ணபுரத்துக்காரர் ஒருத்தர்
கரைமேல் நின்று போன் போட்டார்:
'ஏனுங்க, உள்ள எறங்கோணுங்களா?'

அதற்கப்புறம்தான் நிவேதனைக் கூப்பிட்டது.
கோயமுத்தூர்ப் பையன். மாசம் நாலாயிரம்.
மடிக்கணினியை வார்னிஷ் டின் மேல் வைத்தான்.
'உங்க டார்கெட் ஆடியன்ஸ் யாருங்க்கா?'

ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்து
தூக்கத்தோடு போய் ஸ்டார்ட்டரை அமுக்கி
ம்ம்ம் என்று ஒரு சத்தம்,
பின்னாலேயே ஒரு நாத்தம்,
அந்த நாத்தத்தோடு
மக்காச்சோளக் காட்டுக்குள் ஒத்தையில் நிற்கிற ஆள்.

வயசு, ஆணா பெண்ணா, ஆர்வங்கள்:
மூணு பெட்டி வைத்திருந்தான்.
ஆர்வங்களில் 'தண்ணி' என்று போடச் சொன்னேன்.

முதல் விளம்பரத்தில் பச்சை நெல்வயல்,
பல் தெரியச் சிரிக்கும் வடக்கத்திக் குடும்பம்.
ஈசுவரமூர்த்தி
காயில் சுத்திக்கொண்டே எட்டிப் பார்த்தார்.
'இந்தக் காட்டுக்கு மோட்டாரே வேண்டாமே சாமி,
மழை பேஞ்சிருக்குது.'
அதோடு அந்தக் குடும்பம் போய்விட்டது.
பதிலுக்கு, செப்புக்கம்பியைச் சுற்றும்
அவருடைய கை மட்டும். பதினாலு விநாடி.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்,
ஒன்பது பேர் கூப்பிட்டார்கள்.

கடையைச் சுற்றி
இருபது கிலோமீட்டருக்கு வட்டம் போட்டான்.
முத்தூர் வந்தது, ஓலப்பாளையம் வந்தது,
நாத்தனாரோடு பேச்சுவார்த்தை இல்லாத
மயில்ரங்கமும் வந்தது.
'அதை மட்டும் விட்டுடலாமா தம்பி?'
'வட்டத்துல ஓட்டை போட்டா நல்லாருக்காதுங்க்கா.'

குண்டூசியை நானே பிடுங்கி
கடை வாசலில் நட்டேன்.
'இருபத்திநாலு மணி நேரமும்' என்று
அவரைக் கேக்காமலே மாற்றினேன்.
அன்னைக்கு ராத்திரியே போன் அடித்தது.
ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை அவர்.
போன் எடுக்காமலும் இல்லை.

ஒரு நட்சத்திரம் போட்டு ஒருத்தர் எழுதியிருந்தார்:
'வேலை சுத்தம். டீ குடுக்கல.'
பதில் போட்டேன்:
'உங்க மோட்டார் இனி வேகாம இருக்கட்டுங்க.
டீக்கு மட்டும் வாங்க.'

மாசக் கடைசியில் ஒரு பட்டியல் அனுப்பினான்,
என்னத்தைத் தட்டித் தேடி
எங்களிடம் வந்து சேர்ந்தார்கள் என்று.

மோட்டார் ரிப்பேர் பக்கத்தில்
மோட்டர் ஓடுது தண்ணி வரல
ஏழரை எச்பி காயில் கட்ட எவ்ளோ
ஞாயிறு திறந்த மோட்டார் கடை
கடனுக்கு மோட்டார் கட்டுவாங்களா
ஆயிரத்து இருநூறு அடி போர் தண்ணி இல்ல என்ன செய்ய

கடைசி ரெண்டையும் அடிச்சுடலாம் என்றான்.
'வியாபாரம் ஆகாத வார்த்தைங்க்கா.
ஒரு கிளிக்குக்கு ஏழு ரூபாய் தண்டம்.'

கடனுக்குக் கட்டுவோம், அது இருக்கட்டும்.
அதுக்குக் கீழே இருப்பதும் இருக்கட்டும் என்றேன்.
எதுக்குங்க்கா என்றான்.
தெரியலை தம்பி.
யாரோ ஒருத்தர், ஒரே ஒரு தடவை,
எங்கள் கடைப் பேரைப் பார்த்துவிட்டு
நம்பரை அமுக்காமல் போயிருக்கிறார்.
அமுக்கியிருந்தாலும்
என்ன சொல்லியிருப்போம்?

இந்த மாசப் பட்டியலில் அந்த வரி இல்லை.
தண்ணி கிடைத்துவிட்டதா,
காட்டை விற்றுவிட்டாரா,
போனில் காசு தீர்ந்துபோச்சா,
நிவேதனின் எந்தப் பெட்டியிலும்
அதுக்கு இடமில்லை.

வட்டத்தை
முப்பது கிலோமீட்டர் ஆக்கச் சொன்னேன்.