சப்பரம் திரும்பும் இடம்

மனுவை நான்தான் எழுதினேன்.
பதினொரு வருடமாகப் பங்குப் பேரவைத் தீர்மானங்களையும்
நான்தான் எழுதுகிறேன். அதே நீலப் பேனா.
'மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,
சந்தியாகப்பர்குடி மீனவ மக்கள்
பணிவுடன் எழுதிக்கொள்வது…'
பணிவு என்ற சொல்லில் மை பரவிவிட்டது.
பாசி எடுக்கச் சுற்றிய துணியை
விரலிலிருந்து அவிழ்க்க மறந்திருந்தேன்.

கோயில் வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை.
முதல் பத்தியிலேயே அதை எழுதிவிட்டேன்.
இருக்கிற கோயிலுக்கு மணல் சுமந்தது யார்?
ஒரு வருடம் முழுக்கக் கணவாய்ப் பாட்டில் பத்தில் ஒன்றை
ஏலத்திலேயே பிடித்துக்கொண்டபோது
வாயைத் திறக்காதது யார்?
வாசல் பளிங்கில் ஏழாவது வரி:
எஸ்தாக்கி, கித்தேரி குடும்பம், ரூபாய் ஐயாயிரத்து ஒன்று.
அந்தக் கித்தேரி நான்.

மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர்
வரைபடத்தை விரித்து, கச்சான் காற்றில் பறக்காதபடி
நாலு மூலையிலும் மெழுகுதிரிக் கட்டு வைத்தார்.
தொண்ணூறடிக் கோபுரம் இருந்தது.
கல்யாண மண்டபம் இருந்தது.
கார் நிறுத்த நாற்பது கட்டங்கள்.
எங்கள் ஊரில் கார் இரண்டு,
ஒன்று ஓடாது.
கடலுக்குப் போகும் பாதையைக் காணோம்.
ஐஸ் வண்டி திரும்புகிற, வலை காய்கிற பொட்டலைக் காணோம்.
மரிக்கொழுந்துப் பாசியை விரித்துவிட்டு
நாங்கள் நாய் விரட்டும் இடத்தில்
பச்சை பூசி, புல்தரை என்று எழுதியிருந்தது.
புல். இந்த உப்பில்.

'ஆண்டவருக்கு எதிராகவா கையெழுத்துப் போடுறீங்க?'
என்றார் பங்குத்தந்தை.
கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.
என் கர்ப்பப்பையை எடுக்க
ராமநாதபுரம் ஆஸ்பத்திரிவரை
தன் வண்டியில் கூட்டிப்போனவர்.
இரவு முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்.

பங்கிராஸ் எழுந்தான்.
'சாமி, என் நண்டு வலை எழுபது பாகம்.
நீங்க விடுற சந்து பன்னிரண்டு.
மடிச்சுக் காயப்போட அது என்ன வேட்டியா?'
சிரித்தோம். அவரும் சிரித்தார்.
மறுநாள் வானம் தோண்டச்
சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

திருவிழா இரவு
சப்பரம் நூறு கால்களோடு பொட்டலுக்கு வந்தது.
எப்போதும் அங்கேதான் திரும்பும்.
சந்தியாகப்பரின் குதிரை
கடலைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்கும்.
இந்த முறை
கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
பேண்டு வாத்தியம் தானாக அடங்கி
ஜெனரேட்டர் மட்டும் இரைந்தது.
பங்குத்தந்தையை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை,
எல்லோரும் அவரைத்தான் கவனித்தோம்.
தோளில் கட்டை அழுத்துகிறது.
முன்கட்டையில் என் மகன், கழுத்து நரம்பு புடைக்க.
எவ்வளவு நேரம்?

'திரும்புங்கப்பா' என்றார்,
வருடாவருடம் சொல்கிற குரலில்.

விடிந்தபோது கோடு இல்லை.
தெரு நெடுக, ஒவ்வொரு வீட்டு வாசல்வரை
வெள்ளை வெள்ளையாகக் குதிகால்கள்.

ஜெயித்தோம் என்று எழுதத்தான் ஆசை.
செவ்வாய்க்கிழமை புதுச் சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கியது.
மனுவுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள்,
பதில் கொடுக்கவில்லை.

ஞாயிறு பூசையில்
நன்மை வாங்கும் வரிசையில் நிற்கிறேன்.
'கிறிஸ்துவின் திருவுடல்' என்கிறார்,
என் கண்ணைப் பார்த்தே.
'ஆமென்' என்கிறேன்.
அதில் பொய் இல்லை. மனுவிலும் இல்லை.

படியிறங்கினால் பளிங்கு,
அதைத் தாண்டினால் கோடு.
கோட்டின்மேல் யாரோ இருட்டோடு வந்து
கஞ்சிப்பாசியை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ஒரு நாய் மோப்பம் பிடித்து வருகிறது.
முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு
குனிந்து
ஒரு கல் எடுக்கிறேன்.