படிவத்தில் ஒரு கட்டம்

பதினோராவது கேள்வி:
'ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு
எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம்?'
பக்கத்தில் ஒரு கட்டம்.
ஓர் இலக்கம்தான் கொள்ளும்.

வெள்ளிக்குள் தர வேண்டும்.
ப்ளூம்ஃபொன்டெய்னில் ஜூலை,
குழாய்க்குள் தண்ணீர் உறைந்த காலை.
கெட்டிலில் சுடவைத்துக் குழாயின் கழுத்தில்
ஊற்றிக்கொண்டிருக்கிறார் தனசீலன்.
நான் சீருடையில், பேனாவோடு.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்:
இந்த வீட்டில் சிப்பாய் நான்.
பின்னால் வருகிறவர் அவர்.
நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துபவர்.
லேடிஸ்மித்தில் ஒரு தகரக் கொட்டகை,
பொச்செஃப்ஸ்ட்ரூமில் யாருடைய கராஜிலோ பாதி,
இங்கே வாசல் மண்.
முதல் வருடம் யாரும் வருவதில்லை.
இரண்டாம் வருடம் பேரம் பேசுகிறார்கள்.
மூன்றாம் வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.
அந்த வாரம் எனக்கு உத்தரவு வரும்.

தெஷ்லின்
ஜூலுவில் பத்துவரை எண்ணுவான்.
ஆஃப்ரிகான்ஸிலும் பத்து.
இப்போது செசோத்தோ, ஏழில் நிற்கிறான்.
தமிழில் எண் தெரியாது;
என் வசவுகள் தெரியும், காவடிக்கு அரோகரா தெரியும்.
நூறுவரை எண்ண
எந்த ஊரும் அவனை விட்டுவைக்கவில்லை.

என்னைக் கேட்டால்,
கேட்டுத்தானே அனுப்பியிருக்கிறார்கள்,
எனக்குப் பிடிக்கும்.
இதை அவரிடம் சொன்னதில்லை.
காலி வீடு. முன்பு இருந்தவள் அடித்த ஆணிகள்.
என் குரல் எனக்கே திரும்பி வரும்
அந்த முதல் ஒரு மணி நேரம்.
என் கோபத்தைப் பற்றி
அந்தத் தெருவில் ஒருத்திக்கும் இன்னும் தெரியாது.
மறுநாள் அணிவகுப்பில் புதிதாக ஒருவர்
தடுமாறி வாசிப்பார்: பெ-டி-யா-சீ.
படையாச்சி, சார்.
படையை முன்னால் வைத்துக்கொண்டுதான்
பிறந்திருக்கிறேன்.

ஆகவே 'இரண்டு' என்று எழுதப் போனேன்.
கெட்டிலோடு உள்ளே வந்தவர் எட்டிப் பார்த்து
"அஞ்சு போடு" என்றார்.

அவர் சித்தப்பா லாரி ஓட்டியவர்,
டர்பனிலிருந்து கிம்பர்லிக்குச் சர்க்கரை.
இந்த மாகாணத்தில் நம்மவர்
குடியிருக்கக் கூடாது என்று சட்டம் இருந்த நாட்கள்.
ஹாரிஸ்மித்தில் நுழைந்தால்
மூத்திரத்துக்குக்கூட இஞ்சினை அணைக்க மாட்டாராம்.
இருட்டுமுன் கடந்துவிட வேண்டும்.

"அவரை நிக்காதேன்னாங்க.
நம்மள நில்லுங்கறாங்க, அப்புறம் கிளம்புங்கறாங்க.
நாமளா சொல்றது எப்போ?"
கேட்டுவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்.
எனக்குச் சுருக்கென்றது.
கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவள் நான்.
அவர் 'நாம' என்கிறார்.

வாசலில் கேப்டன் மொக்கோயெனாவின் பக்கி வண்டி,
கதவு நசுங்கி.
குளிரிலும் கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவுகிறார்.
தட்டுகிறார். நிறுத்துகிறார். தடவுகிறார்.
படிவத்தோடு போய் நின்றேன்.

"ஒரே இடத்துல தட்டிட்டே இருந்தா
தகடு மெலிஞ்சு கிழிஞ்சிடும்."
"தட்டாம விட்டா?"
"துரு."
"அப்போ எத்தனை தட்டு?"
"அது தகட்டைப் பொறுத்தது.
கை வச்சாத் தெரியும்."

கை வைத்துப் பார்க்கிற அளவு
கட்டம் பெரிதாக இல்லை.

பென்சில் எடுத்து மூன்று என்று போட்டேன்.
பென்சிலால்தான்.
முகப்பறையில் 'லேடிஸ்மித்' என்று எழுதிய அட்டைப்பெட்டி,
இரண்டு ஊர் தாண்டியும் பிரிக்காதது.
உள்ளே என்ன என்று மறந்துவிட்டது.
வேண்டாததாக இருந்தால் தூக்கிப் போட்டிருப்போம்.

ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு
தெஷ்லின் நொண்டியபடி வந்தான்.
"ஷுபா. ஏழு. அடுத்தது என்னம்மா?"
எனக்கும் தெரியாது.

பக்கியை எடுக்க வந்த கேப்டன்
கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்:
"ரொபெடி."

மூன்று பேரும் திருப்பிச் சொன்னோம்.
சரியாக வரவில்லை.
இன்னொருமுறை சொன்னார்.