புள்ளி

பள்ளத்தூரில் கரண்ட் போனால்
எனக்கு முதலில் இருட்டாவது அந்த அட்டவணை.
நூற்றுப் பன்னிரண்டு வரிசை.
பெயர் கிடையாது, ஊரும் நாளும்தான்:
விண்ணப்பம் போட்ட நாள், மருத்துவம் தேறிய நாள்,
பின்னணி விசாரணை தொடங்கிய நாள்.
கடைசிக் கட்டம் காலி.
நான் வரிசை நாற்பத்தேழு.

நாக்பூர்க்காரர் நூற்று அறுபத்தொன்பது நாளில் போய்விட்டார்.
கோட்டயத்துக்காரி எனக்கு மறுநாள் போட்டவள்,
அதே இயன்முறை மருத்துவம், அதே வேலைக் குறியீடு,
நூற்று எண்பத்திரண்டு.
நான் இருநூற்று முப்பத்தாறில் நிற்கிறேன்.
அடியில் சராசரி என்று ஒன்று ஓடுகிறது.
சராசரி நாளில் யாருக்கும் கடிதம் வந்ததாகத் தெரியவில்லை.

காரணம் எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில்,
பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில்.
ஆதாரில் முன்தெரு, பாஸ்போர்ட்டில் பின்தெரு.
காவல் சான்று காலாவதியாகி, புதிது கேட்டார்கள்.
சரிபார்க்க வந்த ஏட்டு
பின்கதவுப் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு
'குடியிருப்பில் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.
நான் முகப்பில்தான் இருந்தேன்,
போனில் யாருக்கோ தோளைச் சுழற்றச் சொல்லிக்கொண்டு.
கூப்பிட்டாலும் கேட்காத தூரம்.
இருபத்து மூன்று நாள் போனது.
ஒரு வீட்டின் நீளத்தை இப்படியும் அளக்கலாம்.

சாத்தப்பன் சொல்கிறான்,
கொண்டுவிக்கப் போன காலத்தில்
மூன்று வருஷக் கணக்கென்றால் மூன்று வருஷம்,
கப்பலேறும் நாளும் தெரியும், இறங்கும் நாளும் தெரியும் என்று.
இங்கே இருந்தவளைக் கேட்டாயா என்றேன்.
அவன் தயிரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

கோயில் கணக்கில் நாங்கள் இருவரும் சேர்ந்தே ஒரு புள்ளி.
கனடாக் கணக்கில் நானூற்று எண்பத்தெட்டு.
அதில் அவனால் வந்தது பதினேழு.
இதை நான் அவனிடம் விகிதமாகச் சொன்னதில்லை.
அழைப்பு வர ஒன்பது நாள் இருக்கும்போது
என் பிறந்தநாள் முந்திக்கொண்டு வந்து
ஆறு புள்ளி எடுத்துக்கொண்டு போனது.
மாமியார் கவுனி அரிசி கிண்டியிருந்தார்.
ஏன் தொடவில்லை என்றார்.
வயது கூடிவிட்டது என்றேன்.
ஊரில் எல்லாருக்கும் கூடுவதுதானே என்றார்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில்
முட்டி மாற்றிக்கொண்டவர்கள் கேட்கிறார்கள்,
பக்கத்துக் கட்டில் நேற்றே நடந்துவிட்டதே, நான் எப்போது?
ஒப்பிடாதீர்கள், ஒவ்வோர் உடம்பும் ஒரு மாதிரி என்கிறேன்.
சொல்லிவிட்டு, உபகரண அறைக்குள் போய்
ஐம்பத்தொன்றாம் வரிசை பச்சையாகிவிட்டதா என்று பார்க்கிறேன்.

வரிசை பத்தொன்பது, இந்தூர்.
அட்டவணையை ஆரம்பித்தவர் அவர்.
நாள்களைக் கழிக்கும் சூத்திரம் அவருடையது.
நள்ளிரவில் கேட்டாலும் பதில் வரும்,
'உங்கள் வேகத்துக்கு இன்னும் இருபது நாள், பொறுங்கள்.'
அவர் வேகம் நானூற்றுப் பதினொன்று.
கடைசிக் கட்டம் காலி.

நேற்று மதியம் இரண்டேகால்,
ஒருவருடைய கணுக்கால் என் கையில் இருக்கும்போது
எனக்கு வந்துவிட்டது.
இருநூற்று நாற்பத்தொன்று.
கையை எடுக்க முடியாமல்
பத்து வரை எண்ணி, இன்னொரு பத்தும் எண்ணி முடித்தேன்.

சாத்தப்பனிடம் சொன்னேன்.
மாமியாரிடம் சொன்னேன், அவர் முதலில் கேட்டது, குளிர் எவ்வளவு என்று.
அட்டவணையில் இன்னும் போடவில்லை.
தேதியை இட்டால் கட்டம் தானாகப் பச்சையாகும்,
அப்படி அமைத்துவைத்தவர் அவர்தான்.
சராசரியும் கொஞ்சம் நகரும்,
அவரிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி.

இரவு அவரே கேட்டிருந்தார்,
'நாற்பத்தேழு, ஏதாவது அசைவு உண்டா?'

இங்கே கரண்ட் இல்லை, அப்புறம் பார்க்கிறேன்
என்று எழுதி அனுப்பினேன்.
தலைக்கு மேலே மின்விசிறி
ஓடிக்கொண்டிருந்தது.