மாதிரி எண் 17

காட்பாடி பார்சல் ஆபீஸில்
இரண்டு நாளாகக் கிடந்திருக்கிறது பெட்டி.
'மீனா மேடம்?' என்றார் தௌலத் பாஷா
தெர்மக்கோல் மூலை சொட்டுவதைப் பார்த்து.
இல்லை, தண்ணீர்.
கத்திரி நடுவில்
வேலூருக்குத் தண்ணீர் ரயிலேறி வருகிறதென்றால்
யார்தான் சிரிக்கமாட்டார்கள்.
கையெழுத்து வாங்கும்வரை சிரித்தார்.

உள்ளே இருபத்துநான்கு குப்பிகள்.
ஸான்ஸ்கரில் ஒரு பனியாற்றின் வாயில்
விடியுமுன் முட்டிவரை இறங்கி
ரிக்சின் பிடித்தவை.
ஒவ்வொன்றிலும் அவன் சாய்வெழுத்தில்
நேரம், வெப்பநிலை.
அங்கே அரை டிகிரி.
இங்கே சுவரில் நாற்பத்திரண்டு.

பதினேழின் மூடி விரிந்திருந்தது.
பாதிதான் மீதி.

நான் பனியைப் பார்த்ததில்லை,
ஃப்ரீசர் ஓரத்தில் சுரண்டுவதைச் சேர்க்காவிட்டால்.
அதன் அடியில் நடப்பது மட்டும்
மூன்று தசமப் புள்ளி வரை தெரியும்.
மலையளவு எடை
கல்லின்மேல் கல்லை வைத்து
நகர்ந்து நகர்ந்து அரைக்கிறது,
கோதுமை மாவைவிட நைஸாக.
அரைபட்ட கல்லுக்குப் புது முகம்.
புது முகத்தைத் தண்ணீர் விடுமா.
கொஞ்சமே இருந்தாலும் சுண்ணம்தான் முதலில் போகும்.
பித்தளை நிறத்தில் மின்னும் இரும்புக் கந்தகம்
அமிலமாய் மாறி
அதைத் துரத்தும்.
வெளிச்சமில்லை, கொதிப்பில்லை.
தன்னைக் கரைக்கும் புளிப்பைக்
கல்லே மடியில் கட்டி வைத்திருக்கிறது.

தோலுரிய எங்களுக்கு வெயில் போதும்.
ஜன்னலுக்கு வெளியே
வெங்காயம்போல் அடுக்கடுக்காய் விட்டுக்கொடுத்து
உருண்டு நிற்கின்றன பாறைகள்.

இரண்டரைக்குக் கரண்ட் போனது.
மிஷின் நிதானத்துக்கு வர நாலரை.
சல்பேட் முகடு எழுந்தது.
இந்த முகடு எனக்குப் பழக்கம்.
போன மாதம் ராணிப்பேட்டைக் கிணறுகளில்
காகிதத்தைத் தாண்டி நின்றது.
அங்கே தோல் ஷெட்டுகள், கதவு எண், வழக்கு எண்.
இங்கே யார்மேல் வழக்குப் போட.

கல் கரைந்தால்
காற்றின் கரியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்
என்று எழுதித்தான் பாஸ் பண்ணினேன்.
இந்தப் புளிப்பு சுண்ணத்தைத் தொட்டால்
வாங்குவதில்லை, விடுகிறது.
பனி உருக உருக
இன்னும் எவ்வளவு விடுமென்று
என் மிஷினுக்குத் தெரியாது.
ரிக்சின் கேட்டால் அதைத்தான் சொல்லவேண்டும்.

பதினேழிலிருந்து ஒரு சொட்டு
கருங்கல் மேடையில் விழுந்தது.
துணி எடுப்பதற்குள் காய்ந்தது.
அரைகுறை வெள்ளையில் ஒரு வளையம்,
சுண்டுவிரல் நகமளவு.

'அளவு குறைவு' என்று குறித்துவிட்டு
நகத்தால் சுரண்டினேன்.
வரவில்லை.